கண்ணாடிக்கு வெளியே

சாப்பாட்டு மேசையில் மாலை வெயில். முப்பது வருஷம் ஊசியில் நூல் கோத்த தையல்காரரின் பாச்சா பசைக் குழாயிடம் பலிக்கவில்லை. அவர் துண்டு துண்டாக ஒட்டுவது மகன் ஓட்டும் போர் விமானத்தின் சின்ன உருவம். விடுப்பில் வந்தபோது அவனே வாங்கி வைத்த பெட்டி. நான்கு நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் இன்று பெட்டியைப் பிரித்துவிட்டார். விமானி இருக்கைக்கு மேலே வரும் கண்ணாடி மூடியையும் ஒட்டி நிமிர்ந்த பிறகுதான் பார்க்கிறார், நகத்தளவு விமானி மேசையிலேயே கிடக்கிறான்.

"இவனை உள்ள வைக்க மறந்துட்டேன். மூடியைப் பேத்துதான் எடுக்கணும்."

கத்தியை எடுத்த கையை மனைவி பிடித்துக்கொள்கிறாள்.

"வேணாங்க. அவன் வெளியிலயே இருக்கட்டும்."

விமானியை எடுத்து, ஒலிக்காத போனுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறாள். உட்கார்ந்த வாக்கில் செய்த பொம்மை, சாய்கிறது. அவள் விரலை எடுக்கவில்லை.