இடப்பக்க அடுப்பு

சொந்த வீட்டில் திருடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அமல்ராஜுக்கு அது இல்லை, சட்டியை உரப்பைக்குள் போடும்போதே டங்கென்று இடித்துவிட்டான். அவன் மனைவி ரோஷானியிடம் அது தாராளமாக இருந்தது.

"மெதுவாங்க. பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கப் போவுது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அமல்ராஜின் அம்மா அருள்செல்வி பூசைக்குப் போயிருந்தாள். பூசை முடிந்தால் மாதர் சங்கக் கூட்டம், அது முடிந்து வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். ஒரு வருடமாக இதுதான் வழக்கம். இன்றைக்கு ரோஷானி தலைவலி என்று படுத்துக்கொண்டாள், அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அமல்ராஜும் தங்கிவிட்டான்.

றக்வானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவே, பத்துக்குப் பன்னிரண்டடியில் ஒற்றை அறைக் காம்பரா. நடுவில் ஒரு பழைய சேலைதான் சுவர். இந்தப் பக்கம் புருசன் பெண்சாதி கிசுகிசுத்தால் அந்தப் பக்கம் அம்மா இருமுவாள். கல்யாணமாகி மூன்று வருடமாக இருவரும் ரகசியம் பேசுவதென்றால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குத்தான் போகவேண்டும், அங்கேயும் குடத்தோடு நாலு பேர் நிற்பார்கள்.

போதாததற்கு ரோஷானி இடதுகைக்காரி. பீச்சாங்கையால் கிண்டின கறி தொண்டையில் இறங்குமா என்று மாமியார் தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள்.

சொந்தமாக வீடு கட்டலாமென்று ஒன்றரை வருடத்துக்கு முன் அமல்ராஜ் டவுனில் ஒரு வங்கிக்கும் போய்ப் பார்த்தான். காணி உறுதிப் பத்திரம் எங்கே, சம்பளச் சிட்டை எங்கே, சேமலாப நிதி எவ்வளவு என்று அங்கிருந்தவர் சிங்களத்தில் கேட்டார். ஹார்டுவெயார் கடையில் நாட்கூலிக்கு நிற்பவனிடம் மூன்றும் இல்லை. அன்றிரவு அவன் அதைச் சொல்லிப் புலம்பியபோது, சேலைக்கு அந்தப் பக்கம் இருமல்கூட இல்லை. அம்மாவுக்குத் தன் கவலை தெரிகிறதா என்று அவனுக்குக் கோபம் வந்தது.

அதோடு சொந்த வீட்டு ஆசையை விட்டுவிட்டு வாடகை வீடு தேடினார்கள். போன வாரம்தான் திரீவீலர் மூக்கையா ஒன்று கொண்டுவந்தான். புது வீடு, ரோட்டோரம், வாடகை குறைவு. ஆனால் வீட்டுக்காரம்மா ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பாராம். குடிக்கக் கூடாது, செருப்போடு உள்ளே வரக் கூடாது. அமல்ராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்றாள் ரோஷானி. அப்பா செத்த பிறகு தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமந்தே தன்னை வளர்த்தவளை இப்படி விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் உரப்பையை இறுக்கிக் கட்டினான்.

மூக்கையா அவர்களைப் புது வீட்டு வாசலில் இறக்கி, வீட்டுக்காரம்மா இப்போது வந்துவிடுவார் என்று கதவைத் திறந்துவிட்டான். இரண்டு அறை, ஒரு குசினி. அறைக்கு அறை உண்மையான சுவர். ரோஷானி அதைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

குசினிக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அடுப்புக்கு இடது பக்கம் மேடை. தண்ணீர்க் குழாயும் இடது பக்கம். கரண்டி மாட்டுகிற ஆணிகூட இடது கைக்கு எட்டுகிற இடத்தில்.

"இங்க வந்து பாருங்களேன். எனக்குன்னே கட்டுனாப்ல இருக்கு," என்றாள்.

மூக்கையா ஏதோ ஞாபகம் வந்தவன் போல் வெளியே போனான்.

"செருப்பக் கழட்டிட்டுத்தானே உள்ள வந்தீங்க?"

வாசலிலிருந்து வந்த அந்தக் குரலை இருவரும் தினமும் கேட்கிறவர்கள். அமல்ராஜின் கையிலிருந்த உரப்பை விழுந்து சட்டி உருண்டது. பூசைக்குக் கட்டின சேலையோடு அருள்செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

"தலவலிக்கு மாத்திர வாங்கத்தான் மாமி..." என்று தொடங்கினாள் ரோஷானி. அவள் தோளில் பாய் இருந்தது.

"தம்பி, வீட்டுக்காரம்மா இவங்கதான்," என்றான் வெளியே நின்ற மூக்கையா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அருள்செல்வி அலட்டிக்கொள்ளவில்லை. மகனைத் திருப்பி அனுப்பிவிட்ட அதே வங்கிக்கு அவளும் போயிருக்கிறாள். சீட்டுப் பிடித்து எப்போதோ வாங்கிப்போட்ட இந்தத் துண்டுக் காணியின் உறுதி அவள் பெட்டியடியில் இருந்திருக்கிறது. தோட்டத்துச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்ந்த சேமலாப நிதியும் இருந்தது. அவளுக்குக் கடன் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கக் கூட்டமெல்லாம் இந்த வீட்டைக் கட்டின மேசன் பாஸோடுதான் நடந்திருக்கிறது.

"வாடகைய என்கிட்டக் குடுக்க வேணாம். மாசா மாசம் பேங்குல கட்டிரு. கடன் முடிஞ்சா வீடு உனக்கு," என்று சாவியை மகன் கையில் வைத்தாள்.

ரோஷானிக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுசியிடமிருந்தா ஓடி வந்தோம் என்று இருந்தது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மனசாரவே சொன்னாள்.

"நீங்களும் இங்கயே வந்துருங்க மாமி."

அருள்செல்வி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, உரப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னும் ஏதாவது விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போகும்படி சொன்னாள். பிறகு திரீவீலரில் ஏறி உட்கார்ந்தாள்.

"கல்யாணங் கட்டி வந்த முப்பது வருசத்துல, இன்னிக்குத்தான் அந்தக் காம்பராவுல நான் காலை நீட்டிப் படுக்கப் போறேன்."