சத்தமாச் சொல்லு!

வஹிதா டீச்சர், முனிராஜை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்க தர்ஷன் வாயே திறக்க மாட்டேங்கறான். ரெண்டும் மூணும் எத்தனைன்னு கேட்டா, கைக்குட்டைய என் கை மேல போட்டு, அடியில விரலைப் புடிக்கிறான். ஒண்ணாம் வகுப்புல இதென்ன விளையாட்டு?”

“வூட்டுப் பழக்கமுங்க” என்றார் முனிராஜ், தலையைச் சொறிந்தபடி.

“வூட்ல நீங்க பேசினாத்தான் புள்ளையும் பேசும். போற எடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போங்க, நாலு பேரோட பழகட்டும். மத்தத நான் பாத்துக்கறேன்.”

கைக்குட்டை மேசை டிராயருக்குள் போனது. விடையைச் சத்தமாகச் சொன்னால் வகுப்பே கைதட்டும் என்று டீச்சர் ஏற்பாடு செய்தார். மாதம் முடிவதற்குள் தர்ஷனின் குரல் சத்துணவுக் கூடம் வரை கேட்டது. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

திங்கட்கிழமை முனிராஜ் தானாகவே வந்து நின்றார்.

“பையன் நல்லாப் பேசறானுங்க டீச்சர்.”

“பாத்தீங்களா!” இந்த முறை டீச்சரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நீங்க சொன்னாப்பல நேத்து மாட்டுச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனேனுங்க. நான் மாட்டுத் தரகருங்க. வெலைய வாயால சொல்ல மாட்டோம், துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சுத்தான் பேசுவோம். இவன் கீழ நின்னு எட்டிப் பாத்து, ஒவ்வொரு வெலையையும் சந்தைக்கே கேக்கற மாதிரி கத்திட்டானுங்க.”

“அப்புறம்?” டீச்சரின் குரல் தாழ்ந்திருந்தது.

“ஏன் யாருமே கைதட்டலைன்னு ஒரே அழுகைங்க.”

முனிராஜ் டிராயரைப் பார்த்தார்.

“அந்தக் கைக்குட்டை இருக்குதுங்களா?”