பாறைமேட்டில் ஒரு கோபுரம்

போன மழையில் வெள்ளம் வருவதை ஆள்காட்டிக் குருவி கத்திக் கத்திச் சொன்னது. சத்தம் கீழ்க்கரைக்கு எட்டவில்லை. அங்கே முயலின் இரண்டு குட்டிகளை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் பாறைமேட்டில் உயரமாக ஒரு மூங்கில் கோபுரம் கட்டி, அதன் உச்சியிலிருந்து சேதி சொல்லக் குருவி நகராட்சியில் அனுமதி கேட்டது.

தலைவர் எருமை மனுவைப் படித்தது. "பாறைமேட்டில் குடியிருக்கும் உடும்பு ஆட்சேபணை கொடுத்திருக்கிறது. அது கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி" என்றது.

குருவி உடும்பிடம் போனது.

"கோபுரத்தின் நிழல் என் வளைமேல் விழும். நான் எங்கே வெயில் காய்வது?" என்றது உடும்பு.

குருவி வரைபடத்தில் பத்தடி தள்ளி இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தது.

"உன் சத்தம் காதைக் கிழிக்குமே."

வெள்ளம் வந்தால் மட்டுமே கத்துவதாகக் குருவி எழுதிக் கொடுத்தது.

"காற்றில் சாய்ந்துவிட்டால்?"

மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. குருவி சோர்ந்துபோய் வரைபடத்தைக் கீழே வைத்தது. "எனக்குத் தெரியவில்லை அண்ணே. இந்த மேட்டை நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்தான். எங்கே கட்டலாம், சொல்லுங்கள்."

உடும்பு வரைபடத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு மேடு முழுவதும் நடந்துவிட்டு, குருவி முதன்முதலில் குறித்திருந்த இடத்திலேயே வந்து நின்றது.

"இங்கே கட்டு. அடியில் நல்ல கெட்டிப் பாறை."

கையெழுத்தைப் போட்டுவிட்டு அது கேட்டது: "மூங்கில் சுமக்க ஆள் இருக்கிறதா, நானும் வரட்டுமா?"