எட்டாவது தீவுக்கு இரண்டு டிக்கெட்

"இன்னும் ஒரே ஒரு தீவுதாங்க! நாளைக்குக் காலையில படகேறினா எட்டும் முடிஞ்சிடும்." வாத்தியாரின் வெயிலில் உரிந்துபோன முதுகில் களிம்பு தடவியபடியே மனைவி சொன்னாள்.

"பின்னே? இவ்வளவு தூரம் வந்துட்டு அதை விட்டுடுவோமா?" என்றார் வாத்தியார் உற்சாகமாக. உள்ளுக்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முப்பது வருடம் பூகோளப் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். மறுநாளே ஆளுக்கொரு முதுகுப்பை வாங்கி வந்து, "வா, தீவு தீவா சுத்திட்டு வருவோம்" என்று அவரேதான் ஆரம்பித்து வைத்தார். அவளும் அப்போதே பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்த்தாள்.

இருபது நாளில் ஏழு தீவு. பையில் மணல், படுக்கையில் மணல், பல் தேய்த்தால் வாயிலும் மணல். படகைத் தூரத்தில் பார்த்தாலே வாத்தியாருக்குக் குடலைப் பிரட்டியது.

போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆரம்பித்தவரே பின்வாங்கினால் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவள் முகம் வாடினால்தான் அவருக்குத் தாங்காது.

நேற்று எட்டாவது தீவுக்கான டிக்கெட்டைக் கொடுக்கவே படகுக்காரர் ஆயிரம் கேள்வி கேட்டார். "ஜோடியாத்தான் வந்திருக்கீங்களா? ஏழு தீவும் முடிச்சாச்சா? முடிக்காதவங்களுக்கு எட்டாவது தீவுக்கு டிக்கெட் கிடையாது சார், ஒண்டியா வர்றவங்களுக்கும் கிடையாது." இத்தனை கெடுபிடி இருந்தால் விசேஷமான இடமாகத்தான் இருக்கும் என்று இருவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள்.

இன்று விடிந்ததும் மனைவி குதிகால் கொப்புளத்தோடு நொண்டி நொண்டிக் கரைவரை போய்விட்டு வந்தாள். அப்படி ஒரு ஆசை! வாத்தியாருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது.

"நானும் காலாற நடந்துட்டு வரேன்" என்று அறையிலிருந்து நழுவினார்.

படகுக்காரர் கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் போனார்.

"தம்பி, எனக்கு ஒரு உதவி பண்ணணும். நாளைக்குப் படகு போகாதுன்னு எங்க வீட்டம்மாகிட்ட வந்து சொல்லணும்."

"ஏன் சார்? போகுமே!"

"போகட்டும்பா, எங்களை விட்டுட்டுப் போகட்டும். காத்து சரியில்ல, கடல் சரியில்லன்னு எதையாவது அடிச்சு விடு. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க மாட்டேன், போதுமா?"

படகுக்காரர் தாடையைச் சொறிந்தார். "பொய் சொல்லிப் பழக்கமில்லையே சார்..." என்று இழுத்தார்.

"ஒரு குடும்பத்தைக் காப்பாத்தற பொய்ப்பா!"

"சரி சார், உங்க முகத்துக்காக."

சாயங்காலம் படகுக்காரர் சொன்னபடி வந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது.

"அடியில பயங்கரமாப் பொங்குதும்மா, மேல தெரியாது. எட்டாவது தீவுப் பக்கம் ஒரு வாரத்துக்குப் படகு கிடையாது. ஊருக்குத் திரும்பற பக்கம் மட்டும் ஒரு பிரச்சினையும் இல்ல."

"ஐயையோ!" என்று மனைவி நெஞ்சில் கை வைத்தாள். "நீங்க எவ்வளவு ஆசையா இருந்தீங்க!"

"என் ஆசை கிடக்கட்டும். நீ மனசைத் தளர விட்டுடாதம்மா. நமக்குக் கொடுத்து வைக்கலை, அவ்வளவுதான்" என்று வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஐந்தே நிமிடத்தில் இரண்டு பைகளையும் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். பாவம், வருத்தத்தை வேலையில் மறக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, ஊர் திரும்பும் படகு கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. வாத்தியார் இன்னும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த படகுக்காரரிடம் ஓடினார்.

"தம்பி, என் மானத்தைக் காப்பாத்தினே. ரொம்ப நன்றிப்பா!"

"இருக்கட்டும் சார். அம்மாவும் இப்பதான் வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"அம்மாவா? அவ எதுக்கு நன்றி சொன்னா?"

"நேத்து உங்களுக்கு முன்னாடியே வந்துட்டாங்களே! 'எங்க வீட்டுக்காரர் ஆசையைக் கெடுக்க மனசு வரலை, ஆனா என்னால இனி ஒரு அடி நடக்க முடியாது தம்பி, படகு இல்லன்னு சொல்லிடு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவங்களும் டிக்கெட் காசு வேண்டாம்னுட்டாங்க."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். படகுத்துறையில் பைகளின் மேல் உட்கார்ந்து, ஊர் திரும்பப் போகும் சந்தோஷத்தில் மனைவி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அடிப்பாவி! இருபது நாளாய் ஒருவருக்காக ஒருவர் இந்த மணலைத் தின்றோமா என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் ஆசையும் பொங்கியது.

கூடவே, படகுக்காரரை நினைத்துக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

"எங்களால உன் படகுல ரெண்டு இடம் காலியாப் போச்சே! மத்தவங்களை ஏத்திக்கிட்டு நீ எத்தனை மணிக்குக் கிளம்பறே?"

"மத்தவங்களா? பன்னிரண்டு வருஷமா டிக்கெட் கொடுக்கறேன் சார். ஏழு தீவு முடிச்ச ஜோடி ஒண்ணுகூட இதுவரைக்கும் ஏறினதில்ல. ரெண்டுல ஒருத்தர் ரகசியமா வந்து நின்னுடுவாங்க."

"அடப்பாவமே! அப்போ அந்த எட்டாவது தீவை யாருமே பார்த்ததில்லையா?"

படகுக்காரர் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டே சொன்னார்:

"இருந்தாத்தானே சார் பார்க்க!"