மூன்றாவது குச்சி

செல்வா முதலில் செருப்பைக் கழற்றினான்.

தரையெல்லாம் கரியும் உடைந்த கண்ணாடியும். செருப்பு இருக்கட்டும் என்று போலீஸ்காரர் குணாளன் சொல்லிப் பார்த்தார். சாமிக்கு முன்னால் எப்படி என்று கேட்டான் செல்வா.

அங்கே சாமி இல்லை. படம் எரிந்துபோய், சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியிருந்தது.

தம்போய் ஊரில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை அது. போன வெள்ளிக்கிழமை மாலை எரிந்தது. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நேப்பாளக் காவலாளி இறந்துபோனார்.

மூன்று நாள் லாக்கப்பில் இருந்த பிறகு செல்வா ஒத்துக்கொண்டான். அதைச் செய்துகாட்டத்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

மஞ்சள் நாடாவுக்கு வெளியே அவன் மனைவி வாசுகி நின்றாள். பக்கத்தில் ரூபேந்திரன், அதே பட்டறையில் வேலை பார்த்தவன். வருகிற திங்கட்கிழமை சிங்கப்பூரில் புது வேலையில் சேர வேண்டும். சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தீப்பிடித்த அன்று மதியமே அவர் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்துவிட்டார், ரசம் வைத்துக் கொடுத்தேன் என்று வாசுகி எல்லாரிடமும் சொல்லியாயிற்று. பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்றார்கள்.

முதல் நாள் செல்வாவும் அதையேதான் சொன்னான். ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவது நீ, அந்த ஒரு வெள்ளி மட்டும் வேறு யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மூன்றாம் நாள், அந்த வெள்ளியன்று கற்பூரம் ஏற்றும் தன் கை அவனுக்கே கண்ணில் தெரிந்தது.

இன்று காலை வாசுகியிடம் சொன்னான்: "நீ வேற ஏதோ வெள்ளிக்கிழமைய நெனச்சிக்கிட்டு பேசற லா."

விலங்கை அவிழ்த்தார்கள்.

செல்வா இல்லாத தட்டை எடுத்தான். இல்லாத தீப்பெட்டியில் இல்லாத குச்சியை உரசினான். மழையில் பெட்டி நமத்துப் போயிருந்தது, இரண்டு குச்சி வீணாயிற்று என்றான். மூன்றாவதைக் கையால் அணைத்துப் பிடித்தான். வெளிச்சம் பட்டதுபோல் அவன் கண் சுருங்கியது.

மூன்று சுற்று. கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் பேனா நின்றுவிட்டது.

ஏன் அணைக்கவில்லை என்று மலாயில் கேட்டார். கற்பூரத்தை வாயால் ஊதக் கூடாது டுவான், தானாக அணையட்டும் என்று வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனேன், பக்கத்தில் பெயிண்ட் கலக்கும் தின்னர் டின் திறந்திருந்ததைப் பார்க்கவில்லை என்றான் செல்வா.

சாவி எங்கே என்றதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தான். வழியில் விழுந்திருக்கும் என்றான்.

ரூபேந்திரனுக்கு உடம்பு சிலிர்த்தது. நமத்த பெட்டி. வீணான இரண்டு குச்சி. அன்று நடந்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதைப் பார்த்தவர் யாரும் கிடையாது. ரூபேந்திரன் யாரிடமும் சொன்னதும் இல்லை.

நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். சட்டைப்பையிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான். காய்ச்சலோடு கிளம்பும்போது செல்வா கொடுத்துவிட்டுப் போனது, கற்பூரம் காட்டியதும் பூட்டியதும் நான்தான் என்றான்.

வாசுகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வா சாவியைப் பார்த்தான். பிறகு ரூபேந்திரனைப் பார்த்தான். செல்வாவின் கண் கலங்கியது.

"எனக்காகப் பொய் சொல்லாத, ரூபன்."