உள்ளே ஒருத்தர்

“கிடங்குல கேஸ் கசிஞ்சதுல உங்க வீட்டுக்காரர் மட்டும்தாம்மா இன்னும் வெளிய வரல. தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. மனசைத் திடப்படுத்திக்குங்க” என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் கணவன் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்தான்.

அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூட்ஸோடு நடந்து போய், கதவுக்குப் பின்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். தலையிலிருந்து இடுப்பு வரை சாம்பல் மாதிரி வெள்ளைத் தூள் அப்பியிருந்தது.

“சார்… அவர் உள்ளதான் இருக்காருன்னு நல்லாத் தெரியுமா?” நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“கேட் சொல்லுதேம்மா! அவர் கார்டு இன்னும் ‘உள்ளே’ன்னுதான் காட்டுது. கார்டு இல்லாம அந்தக் கேட்டை ஒரு ஈ தாண்ட முடியாது.”

அது அவளுக்கும் தெரியும். குளிர்பதனக் கிடங்கில் எல்லோர் கழுத்திலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கும். அதில் சின்னதாக ஒரு சாம்பல் நிறத் திரை, காகிதத்தில் அச்சடித்ததுபோல ஆளின் முகம், அதற்கடியில் ஒரே ஒரு சொல். காலையில் கேட்டில் காட்டினால் ‘உள்ளே’ என்று எழுதிக்கொள்ளும். வேலை முடிந்து காட்டினால் அதை அழித்துவிட்டு ‘வெளியே’ என்று எழுதும். பேட்டரி எதுவும் கிடையாது. எழுதினது எழுதினபடியே நிற்கும்.

கடுங்குளிர் மட்டும் அதற்கு ஆகாது. அதனால் உறைபனி அறைக்குப் போகிறவர்கள் கதவோரக் கொக்கியில் அட்டையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

“உங்க தம்பியைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவர் கார்டு ‘வெளியே’ன்னு காட்டுது. ஆஸ்பத்திரி வண்டியில ஏறியிருப்பாரு. நீங்க இங்க ஓடி வந்துடாதீங்க, அமோனியா கேஸ் நெடி தாங்காது. லைன்லயே இருங்க.”

தம்பி பிழைத்தான் என்று பாதி உயிர் வந்தது. மீதி உயிர் அந்த நாற்காலியைப் பார்த்து உறைந்து நின்றது. காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உறைபனி அறை வேலைக்குக் கிளம்பினார்கள். “மாப்ள, எதை மறந்தாலும் தலையை மறந்துடாத” என்று கணவன் சீண்ட, “இருந்தாத்தானே மாமா மறக்கறதுக்கு!” என்று தம்பி சிரித்துக்கொண்டே படியிறங்கினான்.

“ஏங்க…” என்றாள்.

அவன் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தமே வரவில்லை.

ஜன்னலில் பக்கத்து வீட்டு அத்தையின் முகம் தெரிந்தது. “தனியா யார்கிட்டடி பேசிக்கிட்டு இருக்க?”

“அத்தை… அந்தக் கதவுக்குப் பின்னாடி பாருங்களேன்…”

“எனக்கு இங்கேருந்து கதவுதான் தெரியுது. பயத்துல உளறாத. உன் புருஷன் எமனையே நாலு தடவை அலைய விடற ஆளு. இரு, நான் போய் என்னன்னு பாத்துட்டு வரேன்” என்று அத்தை கிடங்குப் பக்கம் ஓடினாள்.

அவன் உடையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. செத்தவர்கள் முதலில் தங்கள் வீட்டைத்தான் தேடி வருவார்களோ? அவள் ஓரடி எடுத்து வைத்தாள். இன்னும் ஓரடி. விரல் நுனியால் அவன் கையைத் தொட்டாள்.

பனிக்கட்டி. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவனுக்கு இருமல் வந்தது. குடலே வெளியே வந்துவிடும்போல இருமினான். பிசாசு இப்படியா இருமும்? அவள் பாய்ந்துபோய் அவன் நெஞ்சில் காதை வைத்தாள். தடதடவென்று இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

“பாவி மனுஷா! என் உசிரையே உருவிட்டீங்களே!”

அவன் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு பேசினான். “மாப்ள… வந்துட்டானா?”

“வந்துட்டான், வந்துட்டான். ஆஸ்பத்திரி வண்டியில போயிருக்கானாம்.”

வீங்கிய கண்களை அவன் மூடிக்கொண்டான். “கண்ணே தெரியல… கைக்குக் கிடைச்சதைத் தடவி எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன்.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. போனை எடுத்துக் கத்திக்கொண்டிருந்தாள். “சார்! அவர் வந்துட்டாரு! இதோ என் முன்னாடி உக்காந்திருக்காரு!”

“வீட்லயா? எப்படிம்மா? சரி, எல்லாரும் விழுந்தடிச்சு ஓடின ஓட்டத்துல கேட் குழம்பியிருக்கும். வயித்துல பாலை வாத்தீங்க தாயே!” அவர் அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பது கேட்டது. “ஏப்பா, அந்த ஆளும் வீட்ல இருக்காராம்! தேடறவங்க எல்லாரும் வெளிய வாங்க! கசிவு வெளிய பரவாம உறைபனி ரூமை அடைச்சிடுங்க!”

சிரிப்பும் அழுகையும் அவளுக்குச் சேர்ந்து வந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, துண்டால் அவன் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். நெஞ்சில் தொங்கிய அட்டையிலும் அந்த வெள்ளைப் பனித்தூள் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

‘வெளியே’ என்ற சொல் முதலில் தெரிந்தது. அதற்கு மேலே, பாதிச் சிரிப்போடு தம்பியின் முகம்.

போனுக்குள் இரும்புக் கதவு தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது.

“மூடாதீங்க சார், உள்ள இருக்கறது என் தம்பி!”