எல்லாம் இரண்டு

மகள் குளிக்கப் போன அடுத்த நிமிடமே அம்மா அவள் பையைத் திறந்துவிட்டாள். மூன்று நாள் இசை விழா, திறந்த மைதானம், கூடாரத்தில் தூக்கம். "யாரோட போறே?" என்று காலையிலிருந்து கேட்டாயிற்று. "அப்புறம் சொல்றேன்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பையில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. ஸ்லீப்பிங் பேக் இரண்டு, டார்ச் இரண்டு, மழைக்கோட்டு இரண்டு. அதில் ஒரு மழைக்கோட்டு நல்ல பெரிய அளவு. பையன் கொஞ்சம் குண்டு போலிருக்கிறது, போகட்டும் என்று அம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள். அடியில் மூட்டுவலித் தைலம் அகப்பட்டதும் அந்தப் பையனுக்குக் கிடுகிடுவென்று வயது ஏறிவிட்டது.

தலை துவட்டியபடி வந்த மகளிடம் தைலத்தை நீட்டினாள்.

"யாருடி இந்தக் கிழவன்?"

"முட்டி வலிதாம்மா. மத்தபடி பிரமாதமா ஆடுவாங்க. அதுவும் சமையக்கட்டுல, யாரும் பாக்காதப்போ."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"தினமும் ஜன்னல் வழியா பாக்கறேனே."

மகள் இரண்டாவது டிக்கெட்டை எடுத்து அம்மா கையில் வைத்தாள். அதில் அம்மாவின் பெயர் இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு ஆடினால் போதுமென்று இத்தனை வருடம் நம்பியிருந்தவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன. அதை மறைக்க மறுபடி பையைக் கிளறினாள்.

"எல்லாம் ரெண்டு வெச்சே, காதுல வைக்கிற அடைப்பான் மட்டும் ஒரே ஜோடியா? பாட்டுச் சத்தம் என் காதை மட்டும் விட்டுடுமா?"

"அது பாட்டுக்கு இல்லம்மா," என்றாள் மகள். "உன் குறட்டைக்கு."